ஒரு மில்லிமீட்டரில் நின்றுவிடும் கட்டி

1985ஆம் ஆண்டு பின்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வேறு வேறு காரணங்களால் இறந்துபோன 101 பேரின் தைராய்டுச் சுரப்பிகளை எடுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, ஒவ்வொரு சீவலையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தார்கள். அவர்களில் 36 பேரின் தைராய்டில் புற்றுநோய் இருந்தது. மூன்றில் ஒருவருக்கும் மேல்! பல கட்டிகள் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை. சீவலை இன்னும் மெல்லியதாக்கியிருந்தால் இன்னும் பல அகப்பட்டிருக்கும் என்று கணித்த ஆய்வாளர்கள், பின்லாந்தில் இந்த நுண்கட்டிகளை இயல்பான ஒன்றாகவே கருதலாம் என்று எழுதிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து டென்மார்க்கில், எதிர்பாராத மரணங்களுக்காகப் பிரேதப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் மார்பகங்களை இதேபோல் நுணுக்கமாகப் பார்த்தார்கள். நாற்பதுகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் பரவாத நிலைப் புற்று தென்பட்டது.

உயிரோடிருக்கும்போது தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்படுபவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அப்படியென்றால் மீதிப் பேர் தங்கள் கழுத்தில் ஒரு புற்றைச் சுமந்துகொண்டே வாழ்ந்து, மாரடைப்பிலோ விபத்திலோ இறந்திருக்கிறார்கள். அந்தக் கட்டி ஏன் வளரவில்லை?

கணக்குப் போட்டால் வியப்பு இன்னும் கூடுகிறது. ஒரு கன மில்லிமீட்டர் கட்டியில் சுமார் பத்து லட்சம் செல்கள் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்வது. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, இருபது தடவை இரட்டித்தால் பத்து லட்சம் வந்துவிடும். இன்னும் பத்தே பத்து இரட்டிப்புப் போதும், நூறு கோடி செல்கள் சேர்ந்து, கைக்குத் தட்டுப்படுகிற ஒரு சென்டிமீட்டர் கட்டி ஆகிவிடும். இருபது தடவை இரட்டித்த ஒன்றுக்கு மிச்சம் பத்து ஏன் கைகூடவில்லை?

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடை கிடையாது. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கு உண்டு, ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு, தைராய்டைப் பொறுத்தவரை அந்தப் புற்றின் சோம்பேறித்தனமான சுபாவத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் கிட்டத்தட்ட எல்லாத் திண்மக் கட்டிகளும் எதிர்கொண்டாக வேண்டிய ஒரு தடை இருக்கிறது. அது இரத்தம்.

உடலில் பெரும்பாலான செல்கள் இரத்தநாளத்திலிருந்து வெகுதூரத்தில் வாழ்வதில்லை. தந்துகியின் சுவரைக் கடந்து கசியும் ஆக்சிஜன் திசுவுக்குள் பரவுகிறது. ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு செல்லும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. காவிரியில் தண்ணீர் குறைந்த ஆண்டில் தலைமடை வயல்கள் நனைந்துவிடும், கடைமடைக்கு வாய்க்கால் வறண்டே வந்து சேரும். திசுவுக்குள்ளும் அப்படி ஒரு கடைமடை இருக்கிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை 1955இல் இங்கிலாந்தில் தாம்லின்சன் என்ற மருத்துவரும் கிரே என்ற இயற்பியலாளரும் அளந்து சொன்னார்கள். (கதிர்வீச்சு அளவைச் சொல்ல இன்று 'கிரே' என்ற அலகு இருக்கிறதே, அந்த கிரே இவர்தான்.) நோயாளிகளின் நுரையீரல் புற்றுக் கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தபோது, புற்றுச் செல்கள் உருண்டையான பட்டைகளாக அடுக்கப்பட்டிருப்பதும், பட்டைக்கு வெளியே மட்டுமே இரத்தநாளங்கள் ஓடுவதும் தெரிந்தன. பட்டையின் ஆரம் 200 மைக்ரானைத் தாண்டினால் நடுவில் தவறாமல் செத்த செல்கள் இருந்தன. செத்த நடுப்பகுதி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைச் சுற்றி உயிரோடிருந்த விளிம்பின் தடிமன் 180 மைக்ரானைத் தாண்டவே இல்லை. இரண்டு தலைமுடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அகலம் அது.

ஆக்சிஜன் எவ்வளவு தூரம் பரவ முடியும் என்று கிரே தனியே கணக்கிட்டுப் பார்த்தார். சுமார் 145 மைக்ரான் என்று வந்தது. காகிதத்தில் போட்ட கணக்கும் கண்ணாடித் தகட்டில் கண்ட அளவும் இவ்வளவு நெருங்கி வருவது உயிரியலில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

கிரேவுக்கு அக்கறை வேறு. ஆக்சிஜன் குறைந்த செல்களைக் கதிர்வீச்சு சரியாகக் கொல்வதில்லை. அதனால்தான் அவர் அந்தத் தூரத்தை அளந்தார். கட்டியின் வளர்ச்சியையே இரத்தநாளம்தான் தீர்மானிக்கிறது என்ற யோசனை ஓர் இளம் அறுவை மருத்துவருக்கு, கொஞ்சம் தற்செயலாக, வந்தது.

1960களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன் கட்டாயப் பணிக்காக அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, பெதஸ்டாவில் உள்ள கடற்படை மருத்துவ மையத்தில் இருந்தார். நீண்ட பயணம் போகும் கப்பல்களில் இரத்தத்தைக் கெடாமல் வைத்திருப்பது சிரமம். எனவே உலர்ந்த ஹீமோகுளோபினைக் கரைத்து இரத்தத்துக்கு மாற்றாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பது அவருக்கும் சக ஆய்வாளர் ஃபிரெடெரிக் பெக்கருக்கும் தரப்பட்ட வேலை. விலங்கிலிருந்து எடுத்த தைராய்டுச் சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதன் நாளங்கள் வழியே அந்தக் கரைசலைச் செலுத்தினார்கள். சுரப்பி உயிரோடிருந்தது. இன்னும் ஒரு சோதனைக்காக, வேகமாக வளரக்கூடிய எலியின் புற்றுச் செல்களை அதற்குள் விதைத்தார்கள். அவை வளர்ந்தன. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வந்ததும் நின்றுவிட்டன. எல்லாமே அதே அளவில். செத்துவிட்டனவோ என்று எடுத்து எலிக்குள் வைத்தால், கிடுகிடுவென்று வளர்ந்து எலியைக் கொன்றன. கண்ணாடிக் கலத்தில் நின்றுபோன கட்டிகளுக்குள் புது நாளங்கள் இல்லை; எலிக்குள் வளர்ந்த கட்டிகளில் நாளங்கள் நிறைந்து கிடந்தன.

இரத்தத்துக்கு மாற்று தேடியவருக்குக் கிடைத்தது வேறொரு கேள்வி. 1971இல், அப்போது பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவைத் துறைத் தலைவராக இருந்த ஃபோக்மன், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் தன் கருத்தை எழுதினார். கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து பக்கத்து நாளங்களைத் தன் பக்கம் துளிர்க்க வைக்கிறது. அந்தச் சுரப்பைத் தடுத்தால் கட்டி சிறியதாகவே நின்றுவிடும். இப்படிப் பழைய நாளத்திலிருந்து புது நாளம் கிளைப்பதை ஆஞ்சியோஜெனிசிஸ் என்பார்கள். நாம் 'நாளத்துளிர்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

பலர் இதை ஏற்கவில்லை. கட்டியைச் சுற்றி நாளங்கள் தடித்திருப்பது ஒரு நூற்றாண்டாகத் தெரிந்த விஷயம்தான். செத்துக்கொண்டிருக்கும் செல்களால் வந்த அழற்சி அது என்று பேசாமல் விட்டிருந்தார்கள். எனக்குத் தோன்றுவது, இதில் தொழில் வேறுபாட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. அறுவை மருத்துவர் கட்டியைச் சந்திப்பது அது சூடாக, சிவந்து, தொட்டால் இரத்தம் பீறிடும் நிலையில். ஆய்வகத்தில் இருப்பவருக்கு வருவது மெழுகில் பதித்த, இரத்தம் வடிந்துபோன வெளிறிய துண்டு. நாளத்தின் முக்கியத்துவம் முன்னவருக்கு முதலில் உறைத்ததில் ஆச்சரியமில்லை.

சுரக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கட்டிச் செல்கள் நாளத்தைத் தொடுவதால்கூட அது துளிர்க்கலாமே. 1968லேயே கிரீன்பிளாட்டும் ஷூபிக்கும் ஒரு சோதனை செய்திருந்தார்கள். ஹாம்ஸ்டரின் கன்னப்பை மெல்லிய, ஒளி ஊடுருவும் தோல். உள்ளே நாளங்கள் ஓடுவதை நேரில் பார்க்கலாம். அதில் கட்டித் துண்டை வைத்து, துண்டுக்கும் திசுவுக்கும் நடுவே ஒரு வடிதாளைச் சொருகினார்கள். அதன் துளைகள் செல்கள் புக முடியாத அளவுக்குச் சிறியவை. கரைந்த பொருள்கள் மட்டும் கடக்கும். வடிதாளுக்கு மறுபுறத்தில் நாளங்கள் துளிர்த்தன. ஆக, கடந்துபோனது ஏதோ ஒரு கரையும் பொருள்.

ஃபோக்மன் குழுவின் தெளிவான சான்று முயலின் கண்ணில் கிடைத்தது. கண்ணின் முன்புறத்தில், ஐரிஸ் என்னும் வண்ண வளையத்துக்கு முன்னால், தெளிந்த நீர் நிறைந்த சிறு அறை இருக்கிறது. அந்த நீரில் நாளம் கிடையாது; சுற்றியுள்ள ஐரிஸில் உண்டு. 1972இல் ஜிம்ப்ரோனும் சக ஆய்வாளர்களும் கட்டித் துண்டுகளில் சிலவற்றை நீரில் மிதக்கவிட்டார்கள். சிலவற்றை ஐரிஸின் மேல் வைத்தார்கள். இரண்டும் ஒரே கட்டி, ஒரே கண், ஒரே நீர். மிதந்தவை சிறு உருண்டைகளாகி ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றன. வெளி அடுக்கில் செல்கள் பிரிந்துகொண்டே இருந்தன, நடுவில் செத்துக்கொண்டே இருந்தன. ஐரிஸின் மேல் வைத்தவற்றுக்குள் நாளம் புகுந்ததும், இரண்டே வாரத்தில் கன அளவு தொடக்கத்தைவிட 16,000 மடங்கு பெருகியது. மிதந்துகொண்டிருந்த உருண்டையை எடுத்து ஐரிஸின் அருகே வைத்தால் அதுவும் வளர்ந்தது. கட்டியின் சுபாவம் மாறவில்லை. இடம்தான் மாறியது.

அந்தப் பொருளின் பெயர் தெரிய இன்னும் பதினேழு ஆண்டுகள் ஆயின. அதுவும் இரண்டு வேறு பாதைகளில் வந்து சேர்ந்தது. பாஸ்டனில் ஹெரால்ட் டுவோரக்கும் டொனால்ட் செங்கரும் நாளத்துளிர்ப்பைத் தேடவில்லை. புற்று வந்த கினிப் பன்றிகளின் வயிற்றில் ஏன் நீர் கோத்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். 1983இல் அந்த நீரிலிருந்து, நாளச் சுவரைக் கசிய வைக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். ஒவ்வாமையில் தோல் தடிக்கக் காரணமான ஹிஸ்டமினைவிட அது ஏறத்தாழ 50,000 மடங்கு வீரியம் கொண்டது. இன்னொரு புறம் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா என்ற இத்தாலியர், மாட்டின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த செல்கள் நாளச் செல்களைப் பெருக்கும் ஒரு பொருளைச் சுரப்பதைக் கண்டு, 1989இல் அதைத் தூய்மைப்படுத்தினார். மரபணு வரிசையை ஒப்பிட்டபோது கசிய வைப்பதும் பெருக வைப்பதும் ஒரே புரதம் என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் விஇஜிஎஃப். நாளத்தின் உட்புறத்தை வரித்திருக்கும் அகவணிச் செல்களை வளர்க்கும் காரணி என்பதன் சுருக்கம். கட்டிக்கென்று பிறந்த பொருள் அல்ல அது. கருவில் நாளங்கள் உருவாவதே அதனால்தான். 1996இல் எலிகளில், அதன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கியபோதே கரு வயிற்றிலேயே இறந்துபோயிற்று. பாதி அளவு போதாமல் கருவே இறந்துபோகச் செய்யும் மரபணுக்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

சர்க்கரை நோயாளிகள் பலர் இந்தப் புரதத்தோடு, பெயர் தெரியாமலே, பழகியிருப்பார்கள். ஆக்சிஜன் போதாத விழித்திரை விஇஜிஎஃப்பைச் சுரக்க, அங்கே கசியும் நாளங்கள் கிளைத்துப் பார்வையைக் கெடுக்கின்றன. அதைத் தடுக்கக் கண்ணுக்குள் போடுகிற அவாஸ்டின் ஊசி, புற்றுநோய்க்காக உருவான அதே எதிர்ப்பொருள்தான்.

விஇஜிஎஃப் வந்து சேர்ந்ததும் தந்துகியில் என்ன நடக்கிறது? அகவணிச் செல்களில் ஒன்று முன்னணிச் செல்லாகிறது. மெல்லிய விரல் நீட்சிகளை வெளியே துழாவவிட்டு, விஇஜிஎஃப் எந்தப் பக்கம் செறிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நகர்கிறது. அதன் பின்னால் உள்ள செல்கள் பிரிந்து பெருகி, குழலாக நீண்டு தொடர்கின்றன. முன்னணிச் செல் தன் பக்கத்துச் செல்களிடம் 'நீ முன்னால் வராதே' என்று ஒரு சமிக்ஞையும் தருகிறது. டிஎல்எல்4 என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது. 2006இல் இதைத் தடுத்துப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. எல்லாச் செல்களும் முன்னணிக்கு ஓடின. கட்டியில் நாளங்களின் எண்ணிக்கை அதிகரித்தது. ஆனால் அவற்றில் பல எங்கும் போய்ச் சேராத, இரத்தம் ஓடாத நாளங்கள். நாளம் கூடியும் கட்டி சிறுத்தது. நுண்ணோக்கியில் நாளங்களை எண்ணிவிட்டுக் கட்டி செழிப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

சரி, கட்டிக்கு விஇஜிஎஃப் சுரக்க வேண்டும் என்று யார் சொல்வது? பாடப்புத்தக விடை: பசி. ஒவ்வொரு செல்லிலும் ஹிஃப் என்ற புரதம் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது, உருவான வேகத்தில் அழிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. அழிப்பதற்கு முன் அதன்மேல் ஒரு வேதி முத்திரை விழ வேண்டும். முத்திரை குத்தும் நொதிக்கு ஆக்சிஜன் தேவை. முத்திரை விழுந்ததை விஎச்எல் என்ற இன்னொரு புரதம் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை இல்லை, ஹிஃப் பிழைத்துக்கொள்கிறது, செல்லின் உட்கருவுக்குள் போய் விஇஜிஎஃப் உட்படப் பல மரபணுக்களை இயக்கிவிடுகிறது. இதைப் பிரித்தறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்கையே இதற்கு ஒரு சான்றும் வைத்திருக்கிறது. வான் ஹிப்பல்-லிண்டாவ் என்ற பரம்பரை நோயில் விஎச்எல் பழுதாகிவிடுகிறது. ஆக்சிஜன் நிறைய இருந்தும், அது இல்லை என்று செல் நினைக்கிறது. அந்தக் குடும்பத்தினருக்கு விழித்திரையிலும் சிறுமூளையிலும் வருகிற கட்டிகள் நாளங்கள் பின்னிப் பிணைந்தவை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆரோக்கியமான திசு நாளத்தைத் துளிர்க்கவிடாத பொருள்களை எப்போதும் வைத்திருக்கிறது. த்ராம்போஸ்பாண்டின் அவற்றில் ஒன்று. இதை 1990 வாக்கில் அடையாளம் கண்டவர் நோயல் பவுக். பிற்பாடு அவர் குழுவே இன்னொன்றையும் கண்டது: புற்றுநோயில் அடிக்கடி பழுதாகும் பி53 மரபணுதான் சில செல்களில் த்ராம்போஸ்பாண்டினைச் சுரக்க வைக்கிறது. பி53 போனால் செல்லின் பெருக்கக் கட்டுப்பாடு போகிறது, அதோடு நாளத்தடையும் விலகுகிறது. டவுன் குறைபாடு உள்ளவர்களுக்கு மார்பகம், நுரையீரல் போன்ற திண்மக் கட்டிகள் குறைவாக வருவது வெகுநாளாகக் கவனிக்கப்பட்ட ஒன்று. 21ஆம் குரோமோசோமில் அவர்களுக்கு ஒரு பிரதி கூடுதல். நாளத்துளிர்ப்பைத் தடுக்கும் சில மரபணுக்கள் அதில்தான் இருக்கின்றன. 2009இல் எலிகளில் அவற்றில் ஒன்றை ஒரே ஒரு பிரதி கூட்டியபோதே கட்டி வளர்ச்சி குறைந்தது.

தடைப்பொருள்களில் மிகவும் பேசப்பட்டது ஆஞ்சியோஸ்டாடின். ஒரு முதன்மைக் கட்டியை வெட்டி எடுத்தபின், வேறிடத்தில் ஒளிந்திருந்த சிறு கட்டிகள் சில சமயம் திடீரென்று வளர்வதை அறுவை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஃபோக்மன் ஆய்வகத்தில் மைக்கேல் ஓ'ரைலி, எலிகளில் இதற்குக் காரணம் தேடினார். பெரிய கட்டி இருக்கும் எலிகளின் சிறுநீரை லிட்டர் கணக்கில் சேகரித்து, அதிலிருந்து 1994இல் ஒரு தடைப்புரதத்தைப் பிரித்தார். பெரிய கட்டி அதைச் சுற்றவிட்டு, தூரத்துச் சிறு கட்டிகளுக்கு நாளம் கிடைக்காமல் செய்துகொண்டிருந்தது. நம் ஊரில் 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்ற பேச்சு உண்டு. அதற்கு இது சான்று ஆகாது. இது குறிப்பிட்ட ஓர் எலிக் கட்டியின் கதை. அறுவையைத் தள்ளிப்போட்டதால் காப்பாற்ற முடியாமல் போன மனிதர்களின் எண்ணிக்கையோடு இதை ஒரு தராசில் வைக்கவே கூடாது.

அந்தச் சிறு கட்டிகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1995இல் ஹோல்ம்கிரென், ஓ'ரைலி, ஃபோக்மன் மூவரும் நாளம் கிடைக்காத நுண்கட்டிகளில் செல் பிரிதலையும் செல் இறப்பையும் தனித்தனியாக அளந்தார்கள். பிரியும் வேகம், வளர்ந்துகொண்டிருக்கும் கட்டியில் எவ்வளவோ அவ்வளவே இருந்தது. இறப்பு மட்டும் பலமடங்கு கூடியிருந்தது. வளராத கட்டியை உறங்கும் கட்டி என்று சொல்வது வழக்கம். இது உறக்கம் அல்ல. ஒவ்வொரு நாளும் பிறப்பவை அத்தனையும் இறந்துகொண்டிருந்தன. நாளத்தின் சமிக்ஞை கட்டியைப் பெருக்குகிறது என்பதைவிட, பிறந்த செல்லைச் சாகவிடாமல் வைக்கிறது என்பதே சரி. எனக்கு இந்தக் கதையிலேயே மிக முக்கியமான அளவீடு இதுதான்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் வரிசை எளிது: கட்டி பிறக்கிறது, ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது, பசிக்கிறது, ஹிஃப் விழிக்கிறது, நாளம் வருகிறது. அழகான கதை. ஆனால் முழு உண்மை இல்லை.

முதல் சிக்கலை 1999இல் ஹோலாஷும் சக ஆய்வாளர்களும் எழுப்பினார்கள். எலியின் மூளையில் வைத்த கட்டிச் செல்கள் புது நாளத்துக்குக் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருந்த நாளங்களைச் சுற்றிப் படர்ந்து, அவற்றிலிருந்தே உயிர்வாழ்ந்தன. சில வாரங்களில் அந்தப் பழைய நாளங்கள் தாமாகவே உதிர ஆரம்பித்தன. ஆஞ்சியோபொயட்டின்-2 என்ற சமிக்ஞை அவற்றைத் தளர்த்திவிட்டிருந்தது. கட்டியின் நடுப்பகுதி செத்தது. பிறகுதான் விளிம்பில் விஇஜிஎஃப் மிகுந்து புது நாளங்கள் துளிர்த்துக் கட்டி பிழைத்தது. ஆகவே நாளமே இல்லாமல் தொடங்குவது எல்லாக் கட்டிக்கும் பொது விதி அல்ல. கண்ணின் நீரில் மிதக்கும் கட்டிக்கு வேறு வழியில்லை. மூளையிலோ நுரையீரலிலோ ஈரலிலோ விழும் செல்லுக்கு எட்டிய தூரத்தில் எப்போதும் ஒரு தந்துகி உண்டு.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்க் டூஹர்ஸ்ட் குழுவினர், உயிரோடிருக்கும் எலியின் முதுகுத் தோலில் ஒரு சிறு கண்ணாடிச் சன்னலைப் பொருத்தினார்கள். பச்சையாக ஒளிரும் புரதம் சேர்த்த சில பத்துப் புற்றுச் செல்களை அதன் கீழே விட்டு, நாள்தோறும் அதே இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இறந்த திசுவின் சீவலில் ஒரு கணம்தான் தெரியும். இங்கே நடப்பது முழுவதும் தெரிந்தது. 2000இல் அவர்கள் எழுதியதன்படி, செல்கள் முதலில் அருகில் உள்ள நாளத்தை நோக்கி நகர்ந்து வளர்ந்தன. கூட்டம் 60 முதல் 80 செல்கள் ஆனபோதே பக்கத்து நாளங்கள் விரிந்து நெளிய ஆரம்பித்தன. 100 முதல் 300 செல்கள் ஆகும்போது இரத்தம் ஓடும் புது நாளங்களே தென்பட்டன.

பத்து லட்சம் செல்களில் எழும் என்று நினைத்த அழைப்பு, நூறு செல்களிலேயே எழுந்துவிட்டது. நூறு செல்கள் கொண்ட கூட்டத்தின் அகலம் சில செல்கள்தான்; கிரே அளந்த தூரத்தை அது நெருங்கக்கூட இல்லை. அங்கே பசி இருக்க நியாயமில்லையே? 2005இல் அதே ஆய்வகம் இதை நேரடியாகச் சோதித்தது. ஆக்சிஜன் குறைந்தால் நிறம் பெறும் சாயமும், ஹிஃப் விழித்தால் ஒளிரும் மரபணு அடையாளமும் வைத்துப் பார்த்தார்கள். முதல் நாளங்கள் துளிர்த்த வேளையில் இரண்டுமே தென்படவில்லை. கட்டி பசிக்கும் முன்பே கேட்டிருக்கிறது.

இது எப்படி என்பதற்கு விடை முன்பே ஓரளவு கையில் இருந்தது. ராஸ் போன்ற புற்று மரபணு செல்லை ஓயாமல் பிரியச் செய்வதோடு விஇஜிஎஃப் சுரப்பையும் கூட்டுகிறது என்று 1990களில் ஆய்வகச் செல்களில் காட்டியிருந்தார்கள். பி53 செய்வதை மேலே பார்த்தோம். அதாவது செல்லைப் புற்றாக்கும் அதே பழுது, நாளத்தை அழைக்கும் சமிக்ஞையையும் சேர்த்தே கொண்டுவரக்கூடும். பழுதுகளின் எந்தச் சேர்க்கை விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு கட்டி நூறு செல்களில் அழைக்கும், இன்னொன்று பின்லாந்துக்காரரின் தைராய்டில் கடைசிவரை அழைக்காமலே கிடக்கும். ஒரே மனிதக் கட்டியின் செல்களை எலிகளில் வைத்த ஃபோக்மன் குழுவின் 2006ஆம் ஆண்டுச் சோதனைகளிலும் இதன் சாயல் உண்டு. மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த கட்டிகள் ஒருநாள் துளிர்ப்புக்கு மாறி, அதன்பின் நிற்காமல் வளர்ந்தன.

நாளத்தை அழைக்கும் சமிக்ஞையைத் தடுத்தால் கட்டி வளராது என்றால், மருந்து எளிதாயிற்றே என்று தோன்றும். 1998 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் ஃபோக்மனின் எலிகளைப் பற்றி எழுதியபோது அமெரிக்காவே அப்படித்தான் நம்பியது. ஃபோக்மன் தன் பங்குக்கு, உங்களிடம் இருப்பது புற்று வந்த எலி என்றால் எங்களால் நன்றாகக் கவனித்துக்கொள்ள முடியும் என்ற பொருளில் எச்சரித்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கை சரிதான். 2004இல் அங்கீகாரம் பெற்ற அவாஸ்டின், பரவிய பெருங்குடல் புற்றில் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாளை 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்த்தியது. கீமோதெரபியோடு சேர்த்துத் தந்தபோது வந்த பலன் அது. மார்பகப் புற்றுக்கு 2008இல் தந்த அங்கீகாரத்தை, வாழ்நாள் கூடவில்லை என்று 2011இல் அமெரிக்கா திரும்பப் பெற்றது.

பெரிய கட்டியில் மருந்து தடுமாறுவதை விளக்கலாம். விஇஜிஎஃப்பைத் தடுத்தால் வேறு சமிக்ஞைகளுக்கு மாறிக்கொள்ள அதில் போதுமான செல்கள் இருக்கின்றன. உண்மையான சோதனை, கட்டி நுண்ணியதாக இருக்கும்போது தருவதுதான். பெருங்குடல் புற்றை அறுவையில் முழுவதும் எடுத்துவிட்ட நோயாளிகளுக்கு, எங்கேனும் நுண்கட்டி ஒளிந்திருந்தால் அது துளிர்க்காமல் இருக்கட்டும் என்று அவாஸ்டின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற இரண்டு பெரிய ஆய்வுகள் 2011இலும் 2012இலும் முடிவைச் சொல்லின. பலன் இல்லை. அமெரிக்க ஆய்வில் மருந்து தந்த ஏறத்தாழ ஓராண்டு வரை நோய் திரும்புவது குறைந்தது. நிறுத்தியபின் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. ஹோல்ம்கிரென் அளந்ததை நினைவில் வைத்தால் இதில் பாதி புரிகிறது. சமிக்ஞையைத் தடுப்பது செல் பிரிதலை நிறுத்துவதில்லை. இறப்பைக் கூட்டிச் சமன் செய்கிறது, அவ்வளவுதான். தடை விலகினால் சமநிலையும் விலகும்.

மீதிப் பாதிக்கான ஒரு விடை 2016இல் வந்தது. பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய கட்டிகளை, அவாஸ்டின் பெற்ற நோயாளிகளிடமிருந்து எடுத்து, கட்டியும் ஈரலும் சந்திக்கும் விளிம்பை மட்டும் உற்றுப் பார்த்தார்கள். சில கட்டிகளைச் சுற்றி நார்த்திசு வேலியிட்டிருந்தது. அவற்றுக்குள் ஓடியவை புதிதாகத் துளிர்த்த நாளங்கள். மருந்து அங்கே நன்றாக வேலை செய்திருந்தது. வேறு சில கட்டிகளில் வேலியே இல்லை. புற்றுச் செல்கள் ஈரல் செல்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துவிட்டு அவற்றின் இடத்தில் அமர்ந்து, ஈரலின் சொந்த நாளங்களையே எடுத்துக்கொண்டிருந்தன. ஹோலாஷ் எலி மூளையில் கண்டது மனித ஈரலில் நடந்துகொண்டிருந்தது. புது நாளமே தேவைப்படாத கட்டிக்கு, புது நாளத்தைத் தடுக்கும் மருந்து என்ன செய்யும்? அதே ஆய்வில், செல்கள் நகரத் தேவையான ஆர்ப்2/3 என்ற புரதத் தொகுப்பை எலிகளின் கட்டிச் செல்களில் முடக்கி, கூடவே விஇஜிஎஃப்பையும் தடுத்தார்கள். துளிர்க்கவும் முடியாமல், படரவும் முடியாமல் போன கட்டிகள், விஇஜிஎஃப்பை மட்டும் தடுத்தவற்றைவிடக் குறைவாகவே வளர்ந்தன. நோயாளிகளுக்குத் தரக்கூடிய வடிவில் அந்த இரண்டாவது தடை இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் வெட்டியெடுத்த ஈரல் கட்டியின் விளிம்பு எந்த வகை என்று நோய்க்கூறியல் அறிக்கையில் குறிக்க, ஏற்கெனவே உள்ள நுண்ணோக்கியும் சாயமுமே போதும்.